அம்பாசிடர், பத்மினி டோர் பேட் கழற்றி மாட்டுவது எப்படி: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கார் கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் இருக்கும் ரப்பர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் மழை கொஞ்சம் உள்ளே வழியும். வழிந்த தண்ணீர் கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே சொட்டிவிடும். வண்டியை வடிவமைத்தவர்களே அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர், கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பலகையான டோர் பேடைத் தொடாமல் காப்பது, பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு சாதாரண பிளாஸ்டிக் ஷீட். நம் பக்கத்துப் பழைய வண்டிகள் பலவற்றில் அந்த ஷீட்டே கிடையாது. எப்போதோ, யாரோ கண்ணாடி ரிப்பேருக்காகக் கிழித்துப் போட்டிருப்பார்கள். பேட் அடியில் உப்பி, ரெக்சின் பிரிந்து, கிளிப் நிற்காமல் கதவு கடகடவென்று ஆடுவதெல்லாம் அங்கிருந்து தொடங்குகிறது.

அதனால் இந்த வேலையை வெறும் அலங்கார வேலையாக நினைக்காதீர்கள். பேடைக் கழற்றுவது, கதவுக்குள் இருப்பதைச் சரிசெய்வது, ஷீட் ஒட்டுவது, திரும்ப மாட்டுவது நான்கும் சேர்ந்து ஒரே வேலை. பெயின்டும் பசையும் பேடும் காயும் நேரம் போக, முதல் தடவை செய்பவர் ஒரு கதவுக்கு அரை நாள் ஒதுக்கலாம். அதுவும் ஒரு கதவை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கழற்றாத கதவு பக்கத்தில் இருந்தால், எந்த ஸ்க்ரூ எங்கே என்று சந்தேகம் வரும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

செய்யவேண்டிய காலம் புரட்டாசி. ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்துக்கொண்டால் பசையும் காயாது, பெயின்டும் காயாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அந்த மாதிரி வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தெருத் தண்ணீர் கதவின் அடி ஓட்டை வழியாகவே மேலே ஏறி, வடியும்போது வண்டலை உள்ளே விட்டுப் போகும். அது காய்ந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையில் கதவு ஒரு தொட்டி. உங்கள் வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்றிருந்தால், பேட் பார்க்க நன்றாக இருந்தாலும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

எடுத்து வைக்கவேண்டியவை

பட்டை ஸ்க்ரூ டிரைவர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பெயின்டர்கள் பட்டி போடும் அகலமான தகடு, மாஸ்கிங் டேப், ஒரு மெல்லிய பஞ்ச், சின்னச் சுத்தியல், டார்ச், காந்தம், பழைய பருத்தித் துணி, கையுறை. கையுறையை விட்டுவிடாதீர்கள். கதவின் உள்தகட்டு ஓரங்கள் பிளேடு மாதிரி இருக்கும், துருவும் சேர்ந்திருக்கும். பேட் கழற்ற விற்கும் பிளவுபட்ட நெம்புகோல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பட்டித் தகட்டின் ஓரத்தில் டேப் சுற்றினால் போதும், கதவு பெயின்ட் கீறாது.

கதவில் ஸ்பீக்கர், சென்ட்ரல் லாக், பவர் விண்டோ என்று பின்னால் பொருத்தியது ஏதாவது இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். அப்புறம் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, கதவை முழுசாக ஒரு போட்டோ, ஒவ்வொரு ஹேண்டிலும் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இந்தப் படம்தான் கைகொடுக்கும்.

ஹேண்டில்களைக் கழற்றுவது

நிறையப் பேர் பேடைக் கிழிப்பது இந்தக் கட்டத்தில்தான். ஹேண்டில் எப்படிப் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் பிடித்து இழுப்பார்கள், பேட் சேர்ந்து வரும்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர் 2014 வரை வந்தது. மார்க் வண்டிகள், நோவா, கிளாசிக், கிராண்ட் என்று எத்தனையோ மாற்றங்கள். பத்மினியும் நீண்ட காலம் ஓடிய வண்டி. போதாததற்கு இவை பல கை மாறியவை, ஒரு கதவில் ஒரு ஹேண்டிலும் இன்னொரு கதவில் வேறொன்றும் இருக்கும். ஆகவே மாடல் பெயரை நம்பாமல், உங்கள் கதவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பொதுவாக மூன்று விதம் உண்டு.

பழைய விதம் பின். ஹேண்டிலுக்கு அடியில் இருக்கும் வட்டத் தட்டை இரண்டு கட்டைவிரலாலும் பேடை நோக்கி அழுத்துங்கள். பின்னால் ஒரு சுருள் ஸ்பிரிங் இருப்பதால் தட்டு உள்ளே போகும். அப்போது ஹேண்டிலின் கழுத்தில் ஊடுருவி நிற்கும் ஒரு சின்னப் பின் தெரியும். ஒருவர் தட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பஞ்சால் பின்னைத் தள்ளவேண்டும். தனியாகச் செய்வது கஷ்டம், வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் பின் துருவேறி இறுகியிருந்தால் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், கதவிலிருந்து நீட்டி ஹேண்டிலைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, டீ குடித்துவிட்டு வந்து தள்ளிப் பாருங்கள். எண்ணெய் ரெக்சினில் படாமல் அடியில் துணி வைப்பது அவசியம். பின் கீழே விழும் நேரத்தில் காந்தத்தைக் கிட்டத்தில் வைத்திருந்தால் தேட வேண்டியதில்லை. தேய்ந்த பின்னுக்குப் பதில் அதே கனத்தில் ஆணித்தண்டை வெட்டிப் போடலாம், ஆனால் இரண்டு முனையையும் அரம் வைத்து மழுங்கவிடுங்கள்.

அடுத்தது லாட வடிவக் கிளிப். ஹேண்டிலுக்கும் தட்டுக்கும் நடுவே கம்பிக் கிளிப் ஒன்று ஒளிந்திருக்கும். பருத்தித் துணியை அந்த இடுக்கில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து முதுகு துடைக்கும் வாக்கில் இப்படியும் அப்படியும் இழுங்கள். துணியின் நூல் கிளிப்பின் முனையில் மாட்டி, கிளிப் வெளியே வந்துவிடும். சில நேரம் தெறித்து வரும், முகத்தைக் கிட்டத்தில் வைக்காதீர்கள்.

மூன்றாவது ஸ்க்ரூ. ஹேண்டிலின் நடுவில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதை நகத்தாலோ மெல்லிய தகட்டாலோ தூக்குங்கள். அடியில் ஸ்க்ரூ இருக்கும், அவ்வளவுதான்.

ஹேண்டிலைக் கழற்றியதும் வட்டத் தட்டு, ஸ்பிரிங் எது முதலில் வந்தது, ஸ்பிரிங்கின் அகலமான வாய் எந்தப் பக்கம் பார்த்தது என்று ஒரு போட்டோ. கை வைக்கும் ஆர்ம்ரெஸ்ட் இருந்தால் அதன் அடியில் ஸ்க்ரூ இருக்கும், குனிந்து பார்த்தால்தான் தெரியும். பூட்டுக் குமிழ் இருந்தால் இடப்பக்கம் திருகினால் கழன்றுவரும். ஸ்க்ரூக்களை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதிவையுங்கள்.

பேடை விடுவிப்பது

பேட் என்பது ரெக்சின் போர்த்திய ஹார்ட்போர்டு. அதன் பின்பக்க ஓரத்தைச் சுற்றிலும் கிளிப்புகள் வரிசையாக இருக்கும், அவை கதவுத் தகட்டின் ஓட்டைகளில் அழுந்தி நிற்கும். சில வண்டிகளில் கிளிப்புக்குப் பதிலாக, அல்லது கூடவே, ஓரத்தில் கிண்ண வாஷருடன் ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். ரெக்சின் நிறத்திலேயே பெயின்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தப்பும். விரலால் ஓரம் முழுக்கத் தடவிப் பாருங்கள்.

கீழ் மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். தகட்டை நுழைத்து மெதுவாக ஓரத்திலேயே நகர்த்தினால் கிளிப்பில் போய் இடிக்கும். இடித்த இடத்திலேயே, கிளிப்புக்கு மிக அருகில் நெம்பவேண்டும். இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் கிளிப் கதவிலேயே நின்றுகொள்ளும், ஹார்ட்போர்டு பிய்ந்து வரும். கீழ் ஓரம் முடிந்ததும் இரண்டு பக்கவாட்டு ஓரங்கள், கடைசியில் மேல் ஓரம். மேல் ஓரம் பல வண்டிகளில் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பட்டைக்குள் செருகியிருக்கும். அப்படியென்றால் கீழ்ப்பக்கத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, பேடைக் கீழ்நோக்கி இறக்கினால் வந்துவிடும்.

ஓரிடத்தில் மட்டும் பிடிவாதமாக நிற்கிறதா? அங்கே ஒரு ஸ்க்ரூவைத் தவறவிட்டிருக்கிறீர்கள். பலத்தைக் கூட்டாமல் டார்ச் அடித்துத் தேடுங்கள். ஸ்பீக்கர் வயர் பேடோடு வரும், அதைக் கழற்றும்போது எந்த நிறம் எந்த முனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பேடைக் குப்புறப் போட்டு அதன் முதுகைப் பாருங்கள். அடியிலிருந்து எவ்வளவு உயரம் வரை பழுப்புக் கறை ஏறியிருக்கிறதோ அதுவரை தண்ணீர் குடித்திருக்கிறது. கறையின் மேல்கோடு நேராக இருந்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது, அடி ஓட்டை அடைப்பு என்று கொள்ளலாம். நீளநீளமாக மேலிருந்து வழிந்த தடமாக இருந்தால், கண்ணாடி ரப்பரும் ஷீட்டும்தான் குற்றவாளி.

கதவுக்குள்ளே

பழைய ஷீட் மிச்சம் இருந்தால் கிழிக்காமல் உரித்தெடுங்கள், புதியது வெட்ட அதுவே அளவு. உள்ளே கை விடும் முன் ஒரு எச்சரிக்கை: கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கைகளுக்கு நடுவே விரலை வைத்தபடி தண்டைச் சுழற்றக் கூடாது. ரெகுலேட்டரின் போல்டை அவிழ்ப்பதாக இருந்தால் கண்ணாடியை மரச்சக்கை வைத்து முட்டுக்கொடுத்த பிறகே அவிழுங்கள்.

கதவின் அடியில் சேர்ந்திருப்பதை முதலில் வாரி எடுங்கள். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் போலக் கடலை ஒட்டி நிற்கும் வண்டிகளில் மெல்லிய மணலும் துருத்தூளும் ரப்பர் துகளும் கலந்து அடை மாதிரி படிந்திருக்கும். அது ஈரத்தை உப்போடு சேர்த்துப் பிடித்துவைத்து, தகட்டை உள்ளிருந்தே தின்னும். பிரஷ்ஷால் தள்ளி, வாக்குவம் இருந்தால் இழுத்துவிடுங்கள். அடி ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்தித் திறப்பது நல்லது. கம்பியால் குத்தினால் ஓட்டையின் ஓரத்துப் பெயின்ட் போய், துரு அங்கேயே பிடிக்கும்.

பிறகு ஒரு சொம்பு நல்ல தண்ணீரை வெளிப்பக்கமிருந்து கண்ணாடி மேல் ஊற்றிவிட்டு, உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எங்கே உள்தகட்டில் தெறிக்கிறது, அடியில் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதெல்லாம் நேரில் தெரியும். ஓடையாகக் கொட்டினால் வெளிப்பக்கக் கண்ணாடி ரப்பரை மாற்றியாக வேண்டும்.

முழுக்கக் காய்ந்ததும் துருப்பிடித்த இடங்களைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ப்ரைமர் இரண்டு கோட், அதன்மேல் பெயின்ட். குழிவான மடிப்புகளில், குறிப்பாக அடி மடிப்பில், துருவைத் தடுக்கும் மெழுகு ஸ்பிரே அடித்தால் நம் ஊர்க் காற்றுக்கு நல்லது. ஓட்டையை மட்டும் அது அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெகுலேட்டரின் பற்களுக்கும் உருளை ஓடும் தடத்துக்கும் கிரீஸ் வையுங்கள். கண்ணாடி ஓடும் பக்கவாட்டு வெல்வெட் தடத்துக்கு மட்டும் கிரீஸ் வேண்டவே வேண்டாம், மணலைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கீறும். அங்கே சிலிகான் ஸ்பிரே போதும். ஹேண்டிலைத் தற்காலிகமாக மாட்டி கண்ணாடியை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். இறுக்கமோ தடுக்கலோ இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

பேடைச் சரிசெய்வது

பேட் லேசாக வளைந்திருந்தால் நிழலில் காயவைத்து, சமதளத்தில் பாரம் ஏற்றி இரண்டு நாள் விட்டுவிட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். அடி ஓரம் டீயில் நனைத்த பொறை மாதிரி உதிர்ந்தால் புது போர்டு வெட்டுவதுதான் வழி.

முன்பக்க ரெக்சின் கிழியாமல் இருந்தால் அதைக் காப்பாற்றப் பாருங்கள் என்பது என் கருத்து. பழைய பேட்களில் கோடுகள் சூட்டில் அழுத்திப் பதித்தவை. இப்போது குஷன் கடையில் தையல் போட்டுத்தான் தருவார்கள், அழகாகவே இருக்கும், ஆனால் அந்த முகம் மாறிவிடும். பின்பக்கம் மடித்து அடித்திருக்கும் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, பசையை மெதுவாக உரித்தால் பல ரெக்சின்கள் முழுசாக வந்துவிடும்.

புது போர்டு பழைய போர்டின் அதே கனத்தில் இருக்கட்டும், சுமார் 3 மில்லிமீட்டர் வரும். கனம் கூடினால் கிளிப் பிடிக்காது, ஹேண்டிலின் பின்னும் ஓட்டைக்கு எட்டாது. பழையதை மேலே வைத்து, எல்லா ஓட்டையையும் சேர்த்துக் கோடு போட்டு வெட்டுங்கள். ரெக்சின் போர்த்தும் முன் இரண்டு பக்கமும் வார்னிஷ் அடிக்கவேண்டும். வெட்டிய ஓரங்களுக்கும் ஓட்டைகளின் உள்விளிம்புக்கும் ஒரு கோட் கூடுதலாகவே அடியுங்கள். ஹார்ட்போர்டு முதுகைவிட ஓரத்தால்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும்.

பசை விஷயத்தில் ஃபெவிகால் எஸ்.ஆர். மாதிரியான ரப்பர் பசை சரி. போர்டிலும் ரெக்சினிலும் மெலிதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு ஆறவிட்டு, அப்புறம் சேர்க்கவேண்டும். புழுக்கமான நாளில் இதைச் செய்யாதீர்கள். பசையின் திரவம் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும், ஒட்டு பலவீனமாகும். வெயில் ஏறிய பத்து மணிக்கு மேல், கடல்காற்று ஈரத்தோடு வீசத் தொடங்கும் முன் முடிப்பது நல்லது. வளைவுகளில் மடிப்பதற்கு முன் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுங்கள். ஹேண்டில் ஓட்டைக்கு ரெக்சினை வட்டமாக வெட்டாமல் சின்னதாகப் பெருக்கல் குறி போல் கீறுங்கள், தண்டு நுழைந்ததும் தானே வழிவிடும்.

பிளாஸ்டிக் ஷீட்

கொஞ்சம் பொறுமையாகச் செய்யவேண்டிய இடம் இது. ‘இந்த ஷீட்டெல்லாம் எதுக்குண்ணே, பேட்தான் மூடிடுதே’ என்று குஷன் கடையில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஹார்டுவேர் கடையில் கனமான பாலிதீன் ஷீட் கேளுங்கள், கேரி பேக் தடிமன் ஒரு மழைகூடத் தாங்காது. கதவின் உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகள் எல்லாம் மூடும்படி, சுற்றிலும் இரண்டு விரல் கூடுதலாக வெட்டுங்கள். தண்டுகள் வெளியே வரும் இடத்தில் மிகச் சின்னக் கீறல் போதும். தகட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மேல் ஓரத்தையும் பக்கவாட்டு ஓரங்களையும் பியூட்டைல் டேப்பால் ஒட்டுங்கள். அது காய்ந்து இறுகாது, அடுத்த முறை உரித்துத் திரும்ப ஒட்டலாம்.

அடி ஓரம் மட்டும் வேறு மாதிரி. அதைத் தகட்டின் மேல் ஒட்டிவிட்டால், ஷீட்டில் வழியும் தண்ணீர் முழுவதும் பேடின் அடியில்தான் சேரும், ஷீட் இல்லாததைவிட மோசம். கீழே இருக்கும் ஓட்டைக்குள் அல்லது இடுக்குக்குள் ஷீட்டின் அடி ஓரத்தைச் செருகி, கதவுக்கு உள்பக்கமாகத் தொங்கவிடவேண்டும். கூரை ஓலை சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இங்கேயும். செருகியதும் மறுபடி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஷீட்டின் உங்கள் பக்கம் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது.

திரும்ப மாட்டுவது

துருவேறிய கிளிப்புகளைத் திரும்பப் போடாதீர்கள். பழைய கிளிப் ஒன்றை மாதிரிக்கு எடுத்துப்போய் வாங்குங்கள், பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை அளவில் மாறும். இங்கே கிடைக்காதவற்றுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை.

முதலில் ஸ்பிரிங்குகளைத் தண்டுகளில் போடுங்கள். இதை மறந்து பேடை அடித்து முடித்தவர்கள் எல்லாவற்றையும் மறுபடி கழற்றவேண்டியிருக்கும். பேடின் மேல் ஓரத்தைப் பட்டைக்குள் செருகி, தண்டுகள் அதனதன் ஓட்டையில் வந்துவிட்டதா என்று பார்த்து, மேல் கிளிப்பிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு கிளிப்பும் ஓட்டைக்கு நேராக நிற்பதைப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்தக் கிளிப்பின் மேலேயே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு தட்டு. ‘டக்’ என்று உட்காரும். உட்காராவிட்டால் கிளிப்பின் கால் மடங்கியிருக்கிறது, வெளியே எடுத்து நிமிர்த்துங்கள். சுத்தியல் பக்கம் கை போகவே கூடாது.

அடுத்து வட்டத் தட்டு, ஹேண்டில். போட்டோவைப் பார்த்து அதே கோணத்தில் வையுங்கள். கண்ணாடி முழுக்க ஏறிய நிலையில், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஹேண்டில் ஓட்டுநரின் முழங்காலில் இடிக்காமலும், இடது கதவும் வலது கதவும் ஒன்றுபோலவும் இருக்கவேண்டும். லாடக் கிளிப் வகையில் கிளிப்பை ஹேண்டிலில் முதலில் பொருத்திவிட்டு, ஹேண்டிலைத் தண்டில் வைத்து அழுத்தினால் போதும்.

கதவைச் சாத்தும் முன் ஒரு சோதனை. கதவு திறந்திருக்கும்போதே பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, பூட்டிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். உள் ஹேண்டிலை இழுத்தால் விடுபடுகிறதா, வெளி ஹேண்டிலிலும் விடுபடுகிறதா என்று இரண்டையும் பாருங்கள். உள்ளே கம்பி ஏதாவது கழன்றிருந்து, இதைப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டால், மூடிய கதவில் பேடைக் கழற்றும் பாடு சொல்லி மாளாது.

கடைசியாக வண்டியை வெளியே நிறுத்தி, கண்ணாடி மேல் ஐந்து நிமிடம் ஹோஸ் பிடியுங்கள். கதவின் அடியில் தண்ணீர் தாராளமாகச் சொட்டவேண்டும். அரை மணி கழித்து மிதியடியைத் தூக்கி, கதவோரத் தரையைக் காய்ந்த துணியால் ஒற்றிப் பாருங்கள். துணி நனைந்தால் முதலில் ஷீட்டின் அடி ஓரத்தைச் சந்தேகப்படுங்கள். ஆர்ம்ரெஸ்ட் ஸ்க்ரூவையும் கீழ்வரிசைக் கிளிப்புகளையும் மட்டும் விடுவித்தால் கை நுழையும் அளவுக்கு வழி கிடைக்கும். அந்த இடுக்கில் டார்ச் அடித்து, ஷீட் எந்த இடத்தில் வெளியே நழுவியிருக்கிறதோ அங்கே மறுபடி உள்ளே செருகிவிடலாம்.